வத்தளையில் பதினான்கு பேர்ச்: தோட்டம், கோழி, போத்தல்

கேள்வி: 12 ஜனவரி 2025

வத்தளையில் பதினான்கு பேர்ச் காணியுடன் ஒரு பழைய வீடு வாங்கியிருக்கிறோம். வீட்டுக்கும் வாகனம் நிறுத்துவதற்கும் போக, ஏறத்தாழ ஏழு பேர்ச் வெறும் நிலமாகக் கிடக்கிறது. நாங்கள் ஐந்து பேர். அம்மாவும் எங்களுடன் இருக்கிறார். வெளிநாட்டுக் குடும்பங்கள் தோட்டம் செய்து, கோழி வளர்த்து, விளைந்ததையெல்லாம் போத்தல்களில் அடைத்து நிலவறையில் அடுக்கி வைக்கும் காணொளிகளைப் பார்த்து வருகிறேன். ஒழுங்காகச் செய்தால் ஒரு வருடத்துக்குள் மரக்கறிக்கும் முட்டைக்கும் காசு கொடுக்காமல் இருக்கலாம் என்று நம்புகிறேன். பத்துக் கோழி போதுமா? போஞ்சி, பலாக்காய், கோழி இறைச்சி ஆகியவற்றை வீட்டுப் பிரஷர் குக்கரில் வைத்துப் போத்தலில் அடைக்கலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லவும்.

13 ஜனவரி 2025

காசு கொடுக்காமல் இருக்க முடியாது. பத்துக் கோழி வேண்டாம், ஐந்து போதும். போஞ்சியையும் இறைச்சியையும் பிரஷர் குக்கரில் வைத்து அடைக்கக் கூடாது. விடை இவ்வளவுதான், காரணங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஏழு பேர்ச் என்றால் 1,900 சதுர அடிக்குச் சற்று மேல் வரும். அதில் மதில் நிழல், கிணற்றடி, துணி காயப்போடும் இடம், நடக்கும் பாதை எல்லாம் போகப் பாதி மிஞ்சினால் பெரிய காரியம். நான் கிருலப்பனையில், கால்வாய்க்கு அண்மையில், உங்களுடையதைவிடச் சிறிய காணியில் பல வருடங்களாகத் தோட்டம் செய்து வருகிறேன். பொன்னாங்காணி, வல்லாரை, பசளி, கங்குன், அகத்தி, முருங்கையிலை, கறிவேப்பிலை, ரம்பை, கொச்சிக்காய், பச்சை மிளகாய், வருடத்தின் பெரும்பகுதிக்குத் தேசிக்காய் ஆகியவற்றை நாங்கள் கடையில் வாங்குவதில்லை. கத்தரி, வெண்டி, பயற்றங்காய் மூன்றும் வந்தால் வரவு, வராவிட்டால் சந்தை. வெங்காயம், உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், போஞ்சி ஆகியவற்றுக்கு இன்றும் காசு கொடுக்கிறோம். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் குளிரில் விளைவதைக் கொழும்பு வெக்கையில் விளைவிக்கப் பாடுபடுவது வீண்செலவு.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. அந்தக் காணொளிகளில் எல்லா வேலையையும் ஏவுவது குளிர்காலம். நிலம் உறைந்து, கோழி முட்டையிடுவதைக் குறைத்து, கீரை ஒரு பிடிகூடக் கிடைக்காத மாதங்கள் அங்கே வருகின்றன. அதற்காகவே கோடையில் விளைந்ததை அடைத்து அடுக்குகிறார்கள். கொழும்பு ஏறத்தாழ 6.9 பாகை வட அகலக்கோட்டில் கிடக்கிறது. எங்களுக்குப் பசுமை நின்றுபோகும் மாதமே இல்லை. எங்களுடைய பிரச்சினை மழை. ஏப்ரல் முதல் ஜூன் வரையும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும் விதை அழுகும், பூ உதிரும், காயப்போட்டது பூஞ்சணம் பிடிக்கும். குளிருக்காக எழுதப்பட்ட அட்டவணையை மழைக்காகத் திருத்தி எழுதாமல் இந்த முயற்சியைத் தொடங்கினால், நிலவறை நிறையப் போத்தல்களை அடுக்கி வைத்துக்கொண்டு, வாசலில் தழைத்து நிற்கும் கீரையைப் பறிக்க நேரமில்லாமல் இருப்பீர்கள். வத்தளையில் நிலவறை தோண்டினால் என்ன நிறையும் என்பதை முத்துராஜவெலச் சதுப்பு நிலப் பக்கத்து அயலவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

14 ஜனவரி 2025

பொங்கல் நாள் என்பதால் விரிவாக எழுத நேரமில்லை. குக்கர் ஏன் கூடாது என்று மூன்று பேர் அவசரமாகக் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கே அடைக்க உத்தேசித்தவர்கள் நாளை வரை பொறுக்கவும்.

15 ஜனவரி 2025

மண்ணில் எங்கும் வாழும் குளொஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பற்றீரியா, வாழச் சூழல் சரியில்லாதபோது வித்தியாக உறங்கிவிடும். அந்த வித்தியைக் கொதிநீர் கொல்லாது. காற்றில்லாத இடம், ஈரம், அறை வெப்பநிலை, புளிப்புக் குறைவு ஆகிய நான்கும் ஒன்றாகக் கிடைத்தால் அது விழித்துப் பெருகி, நரம்புகளை முடக்கும் நச்சைச் சுரக்கும். இறுக்கி மூடிய ஒரு போத்தல் போஞ்சி இந்த நான்கையும் தருகிறது. புளிப்பின் எல்லையை பிஎச் 4.6 என்று வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே, அதாவது அதைவிடப் புளிப்பாக இருந்தால், வித்தி விழிக்காது. மேலே இருந்தால் கொதிநீர்ப் பாத்திரம் உதவாது. உயர் அழுத்தத்தில் 116 முதல் 121 பாகை செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். போஞ்சி, பலாக்காய், இறைச்சி, மீன், தேங்காய்ப்பால் சேர்த்த கறி யாவும் எல்லைக்கு மேலேதான் நிற்கின்றன.

குக்கரும் அந்தச் சூட்டை எட்டுமே என்பது நியாயமான கேள்வி. ஆனால் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் நேரக் கணக்குகள், ஏறத்தாழ ஒரு லீட்டர்ப் போத்தல்கள் நான்காவது கொள்ளக்கூடிய, அழுத்தம் காட்டும் கருவியோ அதற்கென அளந்த பாரமோ உள்ள பெரிய பாத்திரத்துக்கானவை. அத்தகைய பாத்திரம் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். ஏறும் நேரமும் ஆறும் நேரமும் கொல்லும் வேலையில் பங்கெடுக்கின்றன. வீட்டுக் குக்கர் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கிவிடும். அரை லீட்டர்ப் போத்தலில் எலும்பில்லாத கோழி இறைச்சிக்குப் பெரிய பாத்திரத்தில் 75 நிமிடம் என்று சொல்லப்பட்டிருந்தால், குக்கரில் அதற்கு ஈடு எத்தனை விசில் என்பதற்கு ஆராய்ந்து தரப்பட்ட விடை கிடையாது. நச்சு சுரந்த போத்தல் மணத்தாலோ சுவையாலோ உங்களை எச்சரிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

பெரிய பாத்திரத்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாம். அதற்குரிய றப்பர் வளையத்தையும் மூடிகளையும் அவ்வப்போது தருவிக்க வேண்டியிருக்கும். இத்தனையும் கொழும்பில் வருடம் முழுவதும் கிடைக்கும் மரக்கறிக்காக என்பதை நினைத்துப் பார்க்கவும்.

19 ஜனவரி 2025

மேலே எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டியபோது மாமி ஒப்புக்கொள்ளவில்லை. "மூண்டு மணித்தியாலம் கொதிக்க விட்டாப் பிறகு அதுக்குள்ளை என்ன உயிரோடை கிடக்கும், பிள்ளை?" என்று கேட்டார். கொதிநீர் எவ்வளவு நேரம் கொதித்தாலும் 100 பாகைக்கு மேல் போகாது. வித்திக்கு வேண்டியது அதற்கு மேற்பட்ட சூடு. மாமியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சுரந்துவிட்ட நச்சு, பத்து நிமிடக் கொதிப்பில் அழியும். வித்தி பிழைக்கும், நச்சு அழியும் என்ற இந்தப் பிரிவு விளங்கினால் மற்ற விதிகள் எல்லாம் தாமாக விளங்கும். கறியாகச் சமைத்த உணவை மறுநாள் கொதிக்க வைத்து உண்ணும் எங்கள் வழக்கத்துக்கும் இதனால் ஒரு பலன் உண்டு. அதற்காக அலுமாரியில் மாதக்கணக்காக இருந்த போத்தலைக் கொதிக்க வைத்தால் போதும் என்று யாரும் துணிய வேண்டாம்.

எங்கள் முன்னோர் போத்தல் இல்லாமலே பண்டங்களைக் காத்தார்கள். ஊறுகாய், மோர் மிளகாய், வடகம், கருவாடு, கொறுக்காய்ப்புளியும் உப்பும் இட்டு மீனை அடுக்கும் ஜாடி ஆகிய எல்லாவற்றிலும் வேலை செய்பவை உப்பும் புளிப்பும் உலர்வும்தான். 1810இல் பிரெஞ்சுக்காரரான நிக்கொலா அப்பேர் என்பவர் போத்தலில் அடைத்துச் சூடாக்கும் முறைக்காக 12,000 பிராங்க் பரிசு பெற்றபோது, அது ஏன் பலிக்கிறது என்று அவருக்கே தெரியாது. நுண்ணுயிர்களை ஆராய்ந்த லூயி பாஸ்டர் வந்து விளக்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. காரணம் தெரியாமல் செய்தவர்களில் அவர் அதிர்ஷ்டசாலி.

கொழும்பில் கொதிநீர்ப் பாத்திரத்தில் நிம்மதியாக அடைக்கக்கூடியவை அன்னாசி, அம்பிரலங்காய், விளாம்பழ ஜாம், தேசிக்காய்ச் சாறு, மாங்காய்ச் சட்னி, வினாகிரியில் போட்ட அச்சாறு ஆகியவை. இனிப்பாக இருப்பதால் பப்பாசியையும் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பவர்கள் உண்டு. பழுத்த பப்பாசி எல்லைக்கு மேலே உள்ளது. புளிப்புச் சேர்க்காமல் அடைக்கக் கூடாது. தக்காளி எல்லையிலேயே நிற்பது. அரை லீட்டருக்குக் கால் தேக்கரண்டி சித்திரிக் அமிலம் சேர்த்துவிட வேண்டும். தோட்டத்துத் தேசிக்காயின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும் என்பதால் இந்த வேலைக்கு நான் அதை நம்புவதில்லை. வினாகிரி போத்தலின் லேபலில் அமில வீதத்தைப் பாருங்கள். வெளிநாட்டுச் செய்முறைகள் 5 வீதத்தை வைத்து எழுதப்பட்டவை. அதைவிடக் குறைந்த தென்னை வினாகிரியில் அந்தச் செய்முறைப்படி தண்ணீரும் கலந்தால் கணக்குப் பிழைக்கும்.

2 பெப்ரவரி 2025

கொழும்பில் பண்டம் காய்வது இந்த மாதங்களில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலும் ஓரளவு வறண்ட காற்றும் ஒன்றாகக் கிடைக்கும். அதைத் தவறவிட்டால் ஓகஸ்டில் கிடைக்கும் இடைவெளியை நம்பியிருக்க வேண்டியதுதான். ஊறுகாய்க்காகத் தேசிக்காயைக் காம்புப் பக்கம் பிரியாமல் நான்காகக் கீறி, கல்லுப்பை விரலால் உள்ளே அழுத்தி, பீங்கான் ஜாடியில் அடுக்கி, சாறு ஊறி உப்பு கரையும் வரை நிழலில் வைக்கிறோம். பிறகு சுளகில் பரப்பி வெயிலில் விடுகிறோம். முதலில் மஞ்சளாகவும் மினுமினுப்பாகவும் இருக்கும் தோல், நாள் போகப் போகப் பழுப்பாகிச் சுருங்கி, மடிப்புகளில் வெள்ளை உப்புப் பூக்கத் தொடங்கும். அழுத்தினால் சாறு கசியாமல், தோல் நெகிழ்ந்து கொடுத்தால் பதம் சரி. மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுக்காவிட்டால் பகல் வேலை முழுவதும் வீண்.

3 பெப்ரவரி 2025

சுளகைக் கோழிக்கூட்டுக் கூரைமேல் வைப்பதைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். வைக்கலாம். காகம் தேசிக்காயைத் தின்னாது. ஆனால் தூக்கிப் பார்த்துவிட்டு அயலவர் வீட்டுப் பீலியில் போடும். மேலே ஒரு நுளம்பு வலையை விரித்து நான்கு மூலையிலும் கல் வைக்கவும்.

23 பெப்ரவரி 2025

கோழிக் கணக்கு. முட்டையிடும் கலப்பினப் பேடு ஒன்று நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் வரை தீன் தின்னும். வீட்டுப் பராமரிப்பில் நான்கு நாளைக்கு மூன்று முட்டை என்று வைத்தால் ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 150 கிராம் தீன் செலவாகிறது. இன்றைய தீன் விலையை அதனால் பெருக்கிக் கடை முட்டை விலையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்; கூடு, மருந்து, இறகு உதிர்த்து முட்டையிடாமல் நிற்கும் வாரங்கள் ஆகியவற்றைச் சேர்த்தபின் இலாபம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் மிஞ்சாது. சோறு, தேங்காய்ப்பூ, கீரைத் தண்டு போட்டுத் தீனைக் குறைக்கலாம் என்பார்கள். ஓரளவுக்குச் சரி. மிஞ்சிய சோற்றால் வயிற்றை நிரப்பும் கோழிக்குப் புரதமும் கல்சியமும் குறைந்து முட்டை குறையும். முட்டைக் கோதை வறுத்து நொறுக்கித் திரும்பக் கொடுப்பது நல்ல பழக்கம். முழுக் கோதாகப் போட்டால் முட்டையைக் கொத்திக் குடிக்கப் பழகிவிடும்.

குளிர்நாடுகளில் பகல் குறுகும்போது கோழி முட்டையிடுவதை நிறுத்திக்கொள்கிறது. கொழும்பில் ஜூன் மாதத்து நீண்ட பகலுக்கும் டிசெம்பர் மாதத்துக் குறுகிய பகலுக்கும் இடையே முக்கால் மணி நேரந்தான் வித்தியாசம். ஆகவே முட்டையைச் சுண்ணாம்பு நீரில் போட்டு மாதக்கணக்காகக் காக்கும் வித்தைகள் எங்களுக்குத் தேவையில்லை. முட்டை ஊறுகாயையும் விட்டுவிடுங்கள். 1997இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒருவர் அவித்த முட்டைகளைக் குத்தி வினாகிரியில் போட்டு அறை வெப்பத்தில் வைத்து உண்டு, பொட்டுலினம் நச்சால் வரும் பொட்டுலிசம் என்ற நோய்க்கு ஆளானார். வினாகிரியின் புளிப்பு மஞ்சட்கருவின் நடுப்பகுதியை எட்டியிருக்கவில்லை. செய்தால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விரைவில் தின்று முடிக்கவும்.

எங்கள் கோழிகளை வாட்டுவது வெக்கை. பகல் ஒரு மணியளவில் அவை சிறகை உடலிலிருந்து விலக்கி, அலகைத் திறந்து, தொண்டை துடிக்க இளைக்கும். அப்படி இளைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அதிகமாக வெளியேறுவதால், கோது உருவாகத் தேவையான காபனேற்று என்ற பொருளும் குறைகிறது. மார்ச், ஏப்ரலில் முட்டைக் கோது மெலிவது இதனால்தான். சிப்பித்தூளை அள்ளிக் கொட்டுவதைவிட நிழலும், வெயில் படாத இடத்தில் குளிர்ந்த தண்ணீரும் அதிகம் உதவுகின்றன. கூட்டைத் தகரத்தால் மூடுபவர்கள் அதன்மேல் கிடுகு போடட்டும்.

24 பெப்ரவரி 2025

எதிரிகள். கோழிவலை எனப்படும் அறுகோண மெல்லிய கம்பி, கோழியை உள்ளே வைத்திருக்கும். வெளியே இருந்து வருபவரைத் தடுக்காது. அரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள ஒட்டுக் கம்பி வலையைச் சுற்றிலும் அடித்து, அடிப்பகுதியை ஓர் அடி ஆழத்துக்கு மண்ணில் புதைக்கவும். கீரி பகலில் வரும், எலி எந்நேரமும் வரும், காகம் குஞ்சைத் தூக்கும். மரநாய் இரவில் வரும். பெரும்பாலும் உங்கள் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் ஏற்கெனவே குடியிருப்பதால் தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை. கால்வாய் ஓரத்தவர்களுக்குக் கபரக்கொய்யா என்ற பெரிய நீர் உடும்பு வேறு. முட்டையையும் குஞ்சையும் அப்படியே விழுங்கும்; ஆளைக் கண்டால் அவசரப்படாமல் போகும். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. மீன்பிடிப் பூனைகூட இந்நகரில் வாழ்கிறது. பெருமைப்படலாம், கூட்டையும் பூட்டலாம். இவற்றுக்கு நஞ்சு வைப்பதும் பொறி வைப்பதும் வேண்டாம். அவை இங்கே கோழிக்கு முந்தியவை.

சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலும் பேடு முட்டையிடும். விடியற்காலை நான்கு மணிக்குக் கூவுவதை அயலவர் எத்தனை நாள் பொறுப்பார்கள் என்பதையும் யோசிக்கவும்.

16 மார்ச் 2025

இலாபம் இல்லையென்றால் ஏன் வளர்க்க வேண்டும் என்ற கேள்வி வந்தே தீரும் என்று தெரியும். என் விடை எருவில் இருக்கிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரில் தடை நீங்கும் வரை, ஒழுங்கையில் மற்றவர்கள் எதை இடுவது என்று தெரியாமல் நின்றபோது, எங்கள் வல்லாரைப் பாத்தி அதை அறியவே இல்லை. கூட்டின் தரையில் ஒரு சாண் உயரத்துக்கு உமியும் மரத்தூளும் காய்ந்த இலையும் பரப்பி, கோழிகளைக் கிளற விட்டு, ஈரம் பட்ட இடத்தில் மேலும் காய்ந்ததைத் தூவி வந்தால் நாற்றம் வராது. மூக்கில் எரிவு ஏறினால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள். தரையை வாரி எடுத்துக் குசினிக் கழிவுடன் சேர்த்துக் குவித்து, இரண்டு மூன்று மாதம் மக்க விட்டே பாத்தியில் இட வேண்டும். பச்சை எரு வேரைச் சுடும். அத்துடன் வல்லாரைச் சம்பல் பச்சையாக உண்பது என்பதை மறக்கக் கூடாது. மண்ணைத் தொட்டு வளரும் பயிருக்குப் பச்சை எரு இட்டால் அறுவடைக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண்மை விதி. எருவின் வழியாக சல்மொனெல்லா வரக்கூடும்.

2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்ததைக் கொழும்பில் வாழும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டின் மக்கும் கழிவு அதன்பின் படலையைத் தாண்டியதில்லை. ஐந்து கோழியும் ஒரு குவியலும் அவ்வளவையும் தின்றுவிடுகின்றன. இந்தக் கணக்கைத் தீன் விலைக்கு எதிராக எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுத வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

20 ஏப்ரல் 2025

பெப்ரவரியில் எழுதிய முட்டைக் கணக்கை மறுபடி யோசித்தேன். அது சாதாரண காலத்துக்குரிய கணக்கு. 2022இல் எரிபொருள் வரிசையிலும் எரிவாயு வரிசையிலும் நின்ற நாட்களில் விலை ஒரு பக்கம் இருக்க, பொருளே கிடைக்கவில்லை. அந்த ஜூனில் அரச ஊழியர்களுக்குப் பயிரிடுவதற்காக வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியாயிற்று. அப்படிப்பட்ட காலத்தில் பிள்ளைகளுக்கு நாளுக்கொரு முட்டை தவறாமல் கிடைத்தது என்றால் அதன் மதிப்பு கடை விலையால் அளக்கக்கூடியதன்று. ஆனாலும் ஒன்று: அப்போது தீனுக்கும் தட்டுப்பாடு வந்தது. வாங்கிய தீனை மட்டும் நம்பிப் பத்துக் கோழி வைத்திருந்தவர்கள் விற்றுத் தள்ளினார்கள். குசினிக் கழிவும் அகத்தியும் முருங்கையும் ஈடுகொடுக்கக்கூடிய அளவே உங்கள் எண்ணிக்கை. ஐந்து என்று நான் சொன்னதற்கு இதுவே காரணம்.

25 மே 2025

தென்மேல் பருவ மழை. தக்காளி நட்டவர்களில் ஒருவர், இலைகள் பச்சையாக இருக்கும்போதே செடி ஒரே நாளில் துவண்டு விழுந்தது என்று எழுதியிருக்கிறார். தண்டை அடியில் வெட்டி, தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் மட்டும் அமிழும்படி பிடித்துச் சில நிமிடம் அசையாமல் பார்க்கவும். வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெண்ணிழை கீழ்நோக்கி இறங்கினால் அது பற்றீரியா வாடல். மருந்து இல்லை, செடியை வேரோடு பிடுங்கி அகற்ற வேண்டும், குவியலில் போடக் கூடாது, அந்த மண்ணில் சில வருடத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் கூடாது. சுண்டங்காய்ச் செடியின் அடித்தண்டில் கத்தரியையும் தக்காளியையும் ஒட்டினால் தப்பும். ஒட்டத் தெரியாதவர்கள் வாடலைத் தாங்கும் திலின போன்ற தக்காளி வகையைத் தேடட்டும். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தால் விதை பற்றிய விவரம் கிடைக்கும். நானோ மழைக்காலத்தில் தக்காளியை விட்டுவிட்டு, பிலிம்பிக்காயைப் புளிக்குப் போட்டுக் கறி வைக்கிறேன். அந்த மரம் யார் கேட்டும் நிற்காமல் காய்த்துக்கொண்டிருக்கிறது.

மழையென்றால் டெங்கு. தோட்டமும் கோழியும் வைத்திருக்கும் வீட்டில் தண்ணீர் தேங்கும் பாத்திரங்கள் மற்றவர் வீட்டைவிடப் பல மடங்கு. கோழிக்குத் தண்ணீர் வைக்கும் தட்டு, சாடியின் அடித்தட்டு, சிரட்டை, தார்ப்பாயின் மடிப்பு, அன்னாசிச் செடியின் இலைக்கக்கம் வரை பார்க்க வேண்டும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பு வர ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால் மட்டும் போதாது. நுளம்பு முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்காக உயிரோடிருப்பதால் தும்புத் தூரிகையால் தேய்க்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கலாம், வழக்கும் தொடரலாம். அவர் முதலில் பார்ப்பது பீலியை.

22 ஜூன் 2025

பலா பற்றிய கேள்விக்கு விரிவாக விடை சொல்லாமலே மாதங்கள் போய்விட்டன. ஒரு பலாமரம் காய்க்கும்போது ஐந்து பேர் குடும்பத்துக்கு அது ஆபத்தான அளவு உணவு. பாணந்துறைப் பகுதியைச் சேர்ந்த ஆதர் வீ. டயஸ், நாடெங்கும் பலாக்கன்று நடத் தூண்டியதால் சிங்கள மக்கள் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்று அழைத்தார்கள். உங்கள் காணியில் மரம் இருந்தால் வெட்ட நினைக்க வேண்டாம். பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதிப் பத்திரம் இல்லாமல் தறிக்கக் கூடாது என்று 1951ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.

தகரத்தில் வரும் பிஞ்சுப் பலாக்கறி, தொழிற்சாலையில் உயர் அழுத்தத்தில் செய்யப்பட்டது. வீட்டில் பின்பற்ற வேண்டாம். சுளையைக் கீறி அரை அவியல் அவித்து உறைநிலைப் பெட்டியில் இடலாம். பலாக்கொட்டையைக் கழுவி உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. மிச்சத்தை அயலவருக்குக் கொடுங்கள். எங்கள் ஒழுங்கையில் பலாக்காய் போன வீட்டிலிருந்து அன்னாசியோ மரவள்ளியோ திரும்பி வருகிறது. அதுவும் ஒரு சேமிப்பு முறை. பாத்திரம் கழுவ வேண்டியதில்லை.

ஜாம் பதம் கேட்டவருக்கு: விளாம்பழத்திலும் அம்பிரலங்காயிலும் இறுகச் செய்யும் பெக்ரின் நிறைய உண்டு. அன்னாசியில் குறைவு, அதனால் அதனுடன் அம்பிரலங்காய் சேர்க்கிறேன். வெப்பமானியில் 104 அல்லது 105 பாகை. வெப்பமானி இல்லாவிட்டால் குளிரவைத்த பீங்கான் தட்டில் ஒரு துளியை விட்டு, ஆறியதும் விரலால் தள்ளினால் மேற்பரப்பு சுருங்க வேண்டும். கடை ஜாம் போத்தல்களை மறுபடி பயன்படுத்தும்போது போத்தல் பிழைக்கும், மூடிதான் பிரச்சினை. உட்புற வளையம் பள்ளம் விழுந்திருந்தாலோ துரு தெரிந்தாலோ எறிந்துவிடவும். ஆறியபின் மூடியின் நடுவே விரலால் அழுத்தும்போது டிக் என்று அசைந்தால் மூடி பிடிக்கவில்லை. அந்தப் போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து முதலில் முடிக்கவும்.

5 ஒக்டோபர் 2025

கேள்வி கேட்டவர் கூடு கட்டி முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். போஞ்சி அடைக்கும் எண்ணத்தைக் கைவிட்டது நல்லது. இப்போது கேட்பது, பொரித்து ஒரு நாளான குஞ்சாக வாங்குவதா, வளர்ந்த பேடாக வாங்குவதா என்பது.

முதல் தடவைக்கு 16 முதல் 18 வாரப் பேடுகளையே வாங்கவும். விலை கூடினாலும், குஞ்சுக்குச் சூடு கொடுத்து நோயிலிருந்து காக்கும் மாதங்கள் மிச்சம். ராணிக்கெட் தடுப்பூசி எப்போது போடப்பட்டது, மாரெக்ஸ் தடுப்பூசி பொரித்த நாளில் போடப்பட்டதா, கம்போரோ கொடுக்கப்பட்டதா என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதில் தடுமாறினால் வேறிடம் பார்க்கவும். ஐந்தையும் ஒரே இடத்தில், ஒரே நாளில் வாங்கவும். இடையில் புதியவற்றைச் சேர்த்தால் கொத்துச் சண்டையும் வரும், நோயும் வரும்.

முட்டை ஓய்ந்த கோழியை என்ன செய்வது என்பதையும் வாங்குமுன்னரே வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளவும். முதல் வருடத்துக்குப் பின் முட்டை குறையத் தொடங்கும், கோழியோ இன்னும் பல வருடம் வாழும். எங்கள் வீட்டில் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டதால் குழம்பு என்ற பேச்சே எழவில்லை; ஓய்ந்தவை எருவுக்காகத் தீன் தின்கின்றன, அதனால் புதியவற்றுக்கு இடமில்லை. உங்கள் அம்மா பெயர் வைக்கும் இயல்புடையவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒக்டோபர் மழை தொடங்குவதால் இம்மாதம் வாங்க வேண்டாம். ஈரத் தரையில் இரத்தக் கழிச்சல் பரவும். டிசெம்பர் கடைசியில் வாங்கினால் வறண்ட மாதங்களில் கூட்டுக்குப் பழகிவிடும். அதுவரை உமியையும் காய்ந்த இலையையும் உரப்பைகளில் நனையாமல் சேர்த்து வையுங்கள்.